‘பார்த்து எடுத்தால் அடிக்கும்’ என்பவர்களுக்கு

லாட்டரி எடுப்பதே முட்டாள்தனம் என்று சொல்பவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. எடுப்பவர் எடுக்கட்டும், அவர் காசு. ‘லாட்டரியைப் பார்த்து எடுக்கத் தெரியணும்’ என்கிறார்களே, அவர்களோடுதான் வழக்கு.

திருவனந்தபுரத்தில் தம்பானூர் பஸ் நிலையத்திலிருந்து கிழக்கேகோட்டை வழியாகச் சாலைக் கடைத்தெரு வரை நடந்தால் இவர்களை நிறையப் பார்க்கலாம். பலகையில் கிளிப் மாட்டி வரிசையாகத் தொங்கும் டிக்கெட்டுகளைப் புரட்டுவார்கள். முன்னால் இருக்கும் எண்களில் கண் நிற்காது. கடைசி நான்கை மட்டும் வாய்க்குள் கூட்டிப் பார்ப்பார்கள். “அண்ணாச்சி, ஏழுல முடியறது ஒண்ணு கிடக்கு, எடுத்துக்கிடுங்க. ரெண்டு நாளா ஏழுதான் ஓடுது” என்பார் விற்பவர். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரி தடை செய்யப்பட்ட பிறகு, நாகர்கோவில், தென்காசி, கோவைப் பக்கத்திலிருந்து வேலையாக வருபவர்கள் திரும்பும்போது நேந்திரங்காய் சிப்ஸோடு ஒரு டிக்கெட்டும் வாங்கிப் போவது வழக்கமாகிவிட்டது. கூடவே இந்தத் ‘தேர்வுக் கலை’யும் எல்லை தாண்டிப் போகிறது.

முதல் வாதம், எண் ராசி. இதில் இரண்டு கட்சி உண்டு. ஏழு தொடர்ந்து விழுகிறது, அதனால் இன்றும் விழும் என்பது ஒரு கட்சி. ஏழு ரொம்ப நாளாக விழவில்லை, அதனால் இன்று விழுந்தே தீரும் என்பது எதிர்க்கட்சி. இரண்டு பேரும் ஒரே பலகையிலிருந்து ஒரே டிக்கெட்டை எடுத்துக்கொண்டு போவதுதான் வேடிக்கை. கேரள அரசு லாட்டரியின் குலுக்கல் நடப்பது திருவனந்தபுரத்தில் பேக்கரி ஜங்ஷன் அருகே உள்ள கோர்க்கி பவனில், பிற்பகல் 3 மணிக்கு, பொதுமக்கள் பார்க்க, நடுவர் குழுவின் முன்னிலையில். இயந்திரத்தில் ஒவ்வொரு இலக்கமும் தனித்தனியாகச் சுழன்று நிற்கும். நேற்று என்ன விழுந்தது என்பது அதற்குத் தெரியாது. கடைசி இலக்கம் ஏழாக இருக்கப் பத்தில் ஒரு வாய்ப்பு. நேற்றும் அதுதான், இன்றும் அதுதான்.

111111 மாதிரி எண்ணையும் 123456 மாதிரி எண்ணையும் யாரும் தொடுவதில்லை, ‘இதெல்லாம் எங்கே விழப்போகிறது’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். 583917 விழ எத்தனை வாய்ப்போ, அதே வாய்ப்புதான் இவற்றுக்கும். வெளிநாட்டில் நாமே எண் எழுதிக் கொடுக்கும் லாட்டரிகளில் எல்லோரும் எழுதும் எண்ணைத் தவிர்ப்பது நல்லது என்பார்கள். அங்கே ஒரே எண்ணைப் பலர் எழுதியிருந்தால் பரிசைப் பங்கு போட வேண்டிவரும் என்பதால் அது நியாயம்தான். கேரளாவில் ஒரு வரிசையில் (சீரீஸில்) ஓர் எண்ணுக்கு ஒரே டிக்கெட். பங்குக்கு ஆள் வர வழியே இல்லாதபோது அந்த யோசனையால் இங்கே ஒரு பயனும் இல்லை.

எண் ராசியை வைத்துத் தனியாக ஒரு தொழிலே நடக்கிறது. ‘கெஸ்ஸிங்’ என்று காலையில் பத்து எண் போடுவார்கள். கடைசி இலக்கம் பத்தே பத்துதான், ஏதாவது ஒன்று பொருந்தாமல் போகுமா? பொருந்தியது மறுநாள் வட்டம் போட்டுக் காட்டப்படும், பொருந்தாதது காணாமல் போகும். இந்தக் கெஸ்ஸிங்கின் உண்மையான வாடிக்கையாளர்கள் கேரள அரசு டிக்கெட் வாங்குபவர்கள்கூட இல்லை. கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று இலக்கத்தை வைத்துத் திருட்டுத்தனமாக நடக்கும் மூன்று நம்பர் லாட்டரி ஆடுபவர்கள்தான். 1998ஆம் ஆண்டின் மத்திய லாட்டரிச் சட்டம் முன்கூட்டியே அறிவித்த எண்ணுக்கும் ஒற்றை இலக்கத்துக்கும் பரிசு தரக் கூடாது என்று மாநில அரசுகளுக்கே தடை போட்டிருக்கிறது. துண்டுச் சீட்டில் மூன்று நம்பர் எழுதி விற்பவனுக்கு எந்தச் சட்டம்? 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பம் மூன்று நம்பர் லாட்டரிக் கடனால் அழிந்தது. ‘பார்த்து எடுப்பது’ என்ற நம்பிக்கையின் மோசமான முனை அது.

அடுத்தது ராசியான கடை. 2022 திருவோணம் பம்பர் லாட்டரியின் முதல் பரிசு 25 கோடி ரூபாய் திருவனந்தபுரம் பழவங்காடியில் விற்ற டிக்கெட்டுக்கு விழுந்தது. அங்குள்ள கோயிலில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு அந்தப் பக்கமே டிக்கெட் எடுத்தால் இரட்டை ராசி என்று அதற்குப் பிறகு கூட்டம் அலைமோதியது. 2023இல் அதே பரிசு வாளையாறில் விற்ற டிக்கெட்டுக்கு விழுந்து தமிழ்நாட்டு நண்பர்கள் நான்கு பேருக்குப் போனது. உடனே வாளையாறு ராசியாகிவிட்டது. 2024இல் வயநாட்டு சுல்தான் பத்தேரியில் விற்ற டிக்கெட், பரிசு கர்நாடகக்காரருக்கு. அந்த 2024 ஓணம் பம்பர் விற்பனையில் பாலக்காடு மாவட்டம்தான் முதலிடம், அடுத்து திருவனந்தபுரம். அதிகம் விற்கும் இடத்தில் அதிகம் பரிசு விழும். ‘ராசியான’ கடை லட்சம் டிக்கெட் விற்றிருந்தால் ஒன்றுக்கு விழுந்தது, 99,999க்கு விழவில்லை. பிளெக்ஸ் போர்டில் முதல் செய்தி மட்டும் வரும்.

‘செட்’ எடுப்பவர்கள் கொஞ்சம் கணக்குத் தெரிந்தவர்கள், அதனால் அவர்களுக்குக் கொஞ்சம் அதிக மரியாதை. வாராந்தர லாட்டரியில் 12 வரிசை, ஒவ்வொன்றிலும் 1,00,000 முதல் 9,99,999 வரை 9 லட்சம் எண்கள். முழுவதும் அச்சிட்டால் 1.08 கோடி டிக்கெட். ஒரே எண்ணைப் பன்னிரண்டு வரிசையிலும் 600 ரூபாய்க்கு மொத்தமாக வாங்குவதுதான் செட். ‘முதல் பரிசு விழுந்தால் ஆறுதல் பரிசு பதினொன்றும் நமக்கே, சின்னப் பரிசு விழுந்தாலும் பன்னிரண்டு மடங்கு’ என்பது அவர்கள் வாதம். உண்மைதான், விழுந்தால். முதல் பரிசைப் பொறுத்தவரை செட்டாக எடுத்தாலும் உதிரியாகப் பன்னிரண்டு எடுத்தாலும் வாய்ப்பு ஒன்றே: 9 லட்சத்தில் ஒன்று. சின்னப் பரிசுகள் கடைசி நான்கு இலக்கத்துக்கு. ஒரு குலுக்கலில் அப்படி 300 எண்கள் எடுக்கிறார்கள் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். செட்காரருக்குப் பரிசு கிடைக்க நூற்றுக்கு 3 வாய்ப்பு. கடைசி நான்கு இலக்கம் வேறுவேறாக உள்ள பன்னிரண்டு டிக்கெட் எடுத்தவருக்கு ஏதாவது ஒன்றாவது விழ நூற்றுக்குச் சுமார் 31. செட்காரர் அபூர்வமாகப் பன்னிரண்டு பரிசு வாங்குகிறார், மற்றவர் அடிக்கடி ஒன்று வாங்குகிறார். பல வருடம் சேர்த்துப் பார்த்தால் இரண்டு பேர் கையிலும் மிஞ்சும் சராசரி ஒன்றுதான். அதிகம் விற்க நினைக்கும் கடைக்காரருக்குச் செட் சௌகரியம், ஒரே ஆளிடம் 600 ரூபாய்.

இங்கே ஒருவர் எழுந்து கேட்பார்: ‘கனடாவில் ஒருவர் கண்டுபிடித்தாரே?’ கண்டுபிடித்தார், மறுக்கவில்லை. டொரன்டோவில் இருக்கும் புள்ளியியலாளர் மோகன் ஸ்ரீவஸ்தவா 2003இல் ஒன்டாரியோ லாட்டரியின் ஒரு சுரண்டல் டிக்கெட்டைப் பார்த்தபோது, சுரண்டாமலே வெளியில் தெரியும் எண்களில் ஒரு குறிப்பு இருப்பதைக் கண்டார். டிக்கெட்டில் ஒரே ஒரு முறை மட்டும் வரும் எண்கள் மூன்று ஒரே வரிசையில் அமைந்தால் பெரும்பாலும் பரிசு. சுரண்டாத 20 டிக்கெட்டுகளைப் பரிசு உள்ளது, இல்லாதது என்று பிரித்து லாட்டரி நிறுவனத்துக்கே அனுப்பினார், 19 சரி. அந்த விளையாட்டையே நிறுத்திவிட்டார்கள். இதில் பணம் பண்ணலாமா என்றும் அவர் கணக்குப் போட்டிருக்கிறார். தன் ஆலோசகர் வேலையிலேயே நாளுக்கு அதைவிட அதிகம் வரும் என்று விட்டுவிட்டார்!

ஆனால் அந்த வித்தை ஏன் பலித்தது என்று பார்க்க வேண்டும். சுரண்டல் டிக்கெட்டில் பரிசு அச்சிடும்போதே உள்ளே போய்விடுகிறது. காகிதத்துக்குள் ரகசியம் இருப்பதால் அது கசியலாம். இன்னும் எத்தனை பெரிய பரிசு மிச்சம் என்று பல அமெரிக்க மாநிலங்களின் லாட்டரித் துறைகள் வெளியிடுகின்றன. பெரிய பரிசெல்லாம் போய்விட்ட டிக்கெட்டைத் தவிர்ப்பது அங்கே உண்மையிலேயே கெட்டிக்காரத்தனம். டொரன்டோ, நியூஜெர்சியில் இருக்கும் உறவினர்களுக்கு வேண்டுமானால் இதைச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைகளில் ஒரு காலத்தில் சுரண்டல் லாட்டரி தொங்கியதே, அப்போது சொல்லியிருந்தால்கூட ஓரளவு பொருள் இருந்திருக்கும். இன்று நம் கைக்கு வரும் கேரள டிக்கெட்டில் மூன்று மணி வரைக்கும் பரிசு எங்குமே இல்லை. இல்லாத ஒன்றை எப்படிப் பார்த்து எடுப்பது?

கடைசி வாதத்தில் மட்டும் பாதி நியாயம் இருக்கிறது: பம்பரா, வாராந்தரமா? டிக்கெட்டுக்கு டிக்கெட் வித்தியாசம் இல்லையே தவிர, லாட்டரிக்கு லாட்டரி உண்டு. 2024 ஓணம் பம்பரில் 71 லட்சத்துக்கும் மேல் விற்றன, விலை 500, முதல் பரிசு 25 கோடி. அதே 500 ரூபாய்க்கு இன்றைய வாராந்தர லாட்டரியில் 50 ரூபாய் டிக்கெட் பத்து வரும், முதல் பரிசு 1 கோடி. முதல் பரிசு விழும் வாய்ப்பு பம்பரில் 71 லட்சத்தில் ஒன்று, வாராந்தரத்தில் சுமார் 11 லட்சத்தில் ஒன்று. வாய்ப்பு என்று பார்த்தால் வாராந்தரமே மேல். முதல் பரிசுத் தொகையை வாய்ப்பால் பெருக்கினால் பம்பரில் 500 ரூபாய்க்கு 35 ரூபாய், வாராந்தரத்தில் 9 ரூபாய் சொச்சம். தொகை என்று பார்த்தால் பம்பர் மேல். எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது பதில். 500 ரூபாய்க்கு 35 ரூபாய் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

அந்த 35ம் முழுசாக வராது. 2024 பம்பரின் 25 கோடியில் ஏஜென்டுக்கு 10 சதவீதம், அதாவது 2.5 கோடி. மீதியில் 30 சதவீத வருமான வரி 6.75 கோடி. மிச்சம் 15.75 கோடி, அதற்கும் மேல் சர்சார்ஜ், செஸ். வாங்கும்போதே 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீத ஜிஎஸ்டி, அதனால் 50 ரூபாய் டிக்கெட்டில் 14 ரூபாய் 29 காசு வரிக்கே போய்விடுகிறது. கேரள அரசு 1968 ஜனவரி 26இல் முதல் குலுக்கலை நடத்தியபோது டிக்கெட் 1 ரூபாய், முதல் பரிசு 50,000. அன்றிலிருந்து இந்தத் துறை நடப்பது வாங்குபவர்கள் மொத்தமாகத் தோற்பதால்தான்.

பங்கு போட்டு எடுப்பதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். 2023 மழைக்கால பம்பரில் பரப்பனங்காடி நகராட்சியில் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் 11 பேர் சேர்ந்து எடுத்த 250 ரூபாய் டிக்கெட்டுக்கு 10 கோடி விழுந்தது. சேர்ந்து எடுத்ததால் வாய்ப்பு கூடவில்லை, ஆனால் விழாமல் போயிருந்தாலும் ஆளுக்கு இழப்பு 25 ரூபாய்க்குள் அடங்கியிருக்கும். அது நல்ல கணக்கு.

ஆகவே எடுப்பதென்று முடிவு செய்தால் கிடைத்த முதல் டிக்கெட்டை எடுங்கள், பலகையைப் புரட்டி அந்த விற்பனையாளரின் நேரத்தையும் வீணாக்காதீர்கள். பின்புறம் உங்கள் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முடிவை வாட்ஸ்அப்பில் பார்க்காமல் கேரள அரசிதழோடு ஒத்துப் பாருங்கள். பரிசு இருந்தால் டிக்கெட்டை ஒப்படைக்க 30 நாள்தான் அவகாசம்.