பத்துக் கன்றுகள் ஒரு மரமாகுமா?

மலை மந்திரில் முருகனைத் தரிசித்துவிட்டுப் படியிறங்கும் நம்மவர்களில் எத்தனை பேர் வசந்த் விஹாரை ஒட்டிய ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவுக்குப் போயிருக்கிறோம்? ஆர்.கே.புரத்திலிருந்து அதிக தூரமில்லை.

சுமார் 690 ஏக்கர் பரப்புள்ள அந்த இடம் ஒரு காலத்தில் மைக்காவும் மொரமும் தோண்டியெடுத்த குழிக்காடு. எஞ்சிய மண்ணை 'விலாயதி கீகர்' பிடித்துக்கொண்டது. வேறொன்றுமில்லை, ராமநாதபுரத்தை ஆட்டிப்படைக்கும் நம்மூர்ச் சீமைக் கருவேலம்தான்! வெள்ளைக்காரர் காலத்தில் டில்லி ரிட்ஜில் பசுமைக்காகக் கொண்டுவந்து வைத்த விருந்தாளி, வீட்டுக்காரரையே வெளியேற்றிவிட்டது.

டில்லி வளர்ச்சி ஆணையமும் டில்லிப் பல்கலைக்கழகமும் பேராசிரியர் சி.ஆர்.பாபுவின் வழிகாட்டுதலில் அந்த நிலத்தை மீட்கத் தொடங்கின. கீகரை ஒரேயடியாகச் சாய்க்கவில்லை. கிளைகளைக் கழித்து வெயிலுக்கு வழிவிட்டு, கீழே ஆரவல்லிக்கே உரிய தாவ், பலாசு முதலியவற்றை வளர்த்தார்கள். அவை ஓங்கி நிழல் பரப்பினால் கீகர் தானே ஒடுங்கும். பழைய குழிகளில் இன்று பெரணியும் ஆர்க்கிடும் வளர்கின்றன. இயற்கை திரும்பி வரும். ஆனால் அதற்கு இருபது ஆண்டுகள்கூடப் போதவில்லை.

இதை ஏன் எழுதுகிறேன்? 2018-ல் மொஹம்மத்பூர், சரோஜினி நகர் உள்ளிட்ட ஏழு அரசுக் குடியிருப்புகளைப் புதுப்பிக்க ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட முற்பட்டார்கள். மக்கள் மரங்களைக் கட்டிக்கொண்டு போராடினார்கள். உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அப்போது சொல்லப்பட்ட சமாதானம், ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று என்பது.

ரயில்வேயில் இருந்த எனக்கு இந்தக் கணக்குப் பழக்கமானது. கிலோமீட்டருக்கு 1,500-க்கு மேல் ஸ்லீப்பர் என்று எண்ணித்தான் சால், தேவதாருக் கட்டைகளைப் பார்த்தோம். அந்த மரம் எத்தனை ஆண்டு நின்றது என்று நாங்கள் கேட்டதில்லை. பிறகு கான்கிரீட் ஸ்லீப்பர் வந்தது. காடு கொஞ்சம் மூச்சு விட்டது. மாற்று வழி தேடினால் கிடைக்கும்.

வீடு கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய குவார்ட்டர்ஸில் ஒழுகும் கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள் நாம். நிற்கும் மரங்களை முதலில் வரைபடத்தில் குறித்துவிட்டு, அதற்கேற்பக் கட்டடத்தை நகர்த்துங்கள் என்கிறேன். ரயில் பாதையையே வளைத்துப் போடுகிறோம். ஒரு காம்பவுண்டுச் சுவரை வளைக்க முடியாதா?

ஒரு ஞாயிறன்று பிள்ளைகளை அந்தப் பூங்காவுக்கு அழைத்துப் போங்கள். திரும்பியதும் உங்கள் செக்டரின் வேப்பமரங்களை அவர்களையே எண்ணச் சொல்லுங்கள். அடுத்த முறை குடியிருப்போர் கூட்டத்தில் மரம் வெட்டும் பேச்சு எழுந்தால், அந்தக் கணக்கு நம் கையில் இருக்கட்டும்.