நீங்கள் கேட்டவை: காலி ஜீப் அதிர்கிறது, சுமை ஏற்றினால் அடங்குகிறது... கோளாறு எங்கே?

‘‘நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய டீசல் ஜீப் ஒன்று வைத்திருக்கிறோம். கடற்கரை மணலில் வலை, ஐஸ் பெட்டி ஏற்றவும், ஆத்தூர் பக்கம் உள்ள தோட்டத்தில் இருந்து வாழைத்தார் ஏற்றவும் அதுதான் உதவுகிறது. இரண்டு மாதங்களாக 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் சீட்டுக்கு அடியில் ‘கிர்ர்’ என்று அதிர்கிறது. சுமை ஏற்றினால் அதிர்வு குறைகிறது. அதற்குச் சற்று முன்புதான் பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டு, ஜாயின்ட் கிராஸும் மாற்றினோம். டிரான்ஸ்ஃபர் கேஸையே மாற்ற வேண்டும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். செலவு பெரிதாக வரும் போலிருக்கிறது. என்ன செய்யலாம்?’’

- வாசகர், புன்னைக்காயல்.

‘‘இப்போதைக்கு டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்க வேண்டாம். குறிப்பிட்ட வேகத்தில் வருகிறது, சுமை ஏற்றினால் குறைகிறது, பட்டையும் கிராஸும் மாற்றிய பிறகு தொடங்கியது. நீங்கள் எழுதியிருக்கும் இந்த மூன்று விஷயங்களும் பின்பக்க புரொப்பல்லர் ஷாஃப்டைத்தான் காட்டுகின்றன. அதை உறுதி செய்ய ஒரு காலைப் பொழுது போதும்.

இன்ஜின் சக்தி கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் வழியாக வந்து, முன்னும் பின்னும் போகும் இரண்டு ஷாஃப்டுகள் மூலம் கிரவுனுக்குச் சேர்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஜீப் சக்கரம் வினாடிக்கு 7 அல்லது 8 முறை சுற்றும். கிரவுன் விகிதம் நாலுக்கு ஒன்று என்றால், ஷாஃப்ட் 30 முறை சுற்றும். அதனால்தான் சக்கரக் கோளாறு ஸ்டீயரிங்கில் மெதுவான உதறலாகவும், ஷாஃப்ட் கோளாறு சீட்டிலும் தரையிலும் ‘கிர்ர்’ என்றும் தெரிகிறது.

முதல் சோதனை இன்ஜினுக்கு. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஆக்ஸிலேட்டரைக் கொடுத்துப் பாருங்கள். பிறகு அதிர்வு வரும் அதே வேகத்தில், முதலில் மூன்றாவது கியரிலும், அடுத்து டாப் கியரிலும் ஓட்டிப் பாருங்கள். நிற்கும்போது அதிர்வு இல்லை, இரண்டு கியரிலும் அதே வேகத்தில்தான் வருகிறது என்றால் இன்ஜினும் கிளட்சும் காரணம் அல்ல.

இரண்டாவது, சக்கரங்கள். டிஸ்கின் உட்புறம் காய்ந்து ஒட்டிய சேறு, டயர் வீக்கம், தளர்ந்த நட்டு ஆகியவற்றைப் பாருங்கள். சேற்றைக் கழுவியதுமே அதிர்வு போய்விடுவதும் உண்டு.

மூன்றாவது, நான்கு சக்கர லிவர். தார் ரோட்டில் அது விடுபட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால், வளைவுகளில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். முன் சக்கரத்தில் லாக்கிங் ஹப் இருந்தால் அதையும் ‘ஃப்ரீ’யில் வைத்து ஓட்டுங்கள். அதோடு அதிர்வு நின்றால் கோளாறு முன்பக்கம். நிற்காவிட்டால் பின்பக்க ஷாஃப்டைப் பார்க்க வேண்டும்.

வண்டிக்கு அடியில் போகும் முன் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, நான்கு சக்கரத்துக்கும் கல் வையுங்கள். பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக், டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். ஷாஃப்டைக் கழற்றினால் ஹேண்ட் பிரேக்கும் நிற்காது, கியரில் போட்டாலும் நிற்காது. ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கவே கூடாது.

ஷாஃப்டைக் கையால் பிடித்து மேலும் கீழும், பிறகு திருகியும் பாருங்கள். கிராஸில் ஆட்டம் இருக்கக் கூடாது. கிராஸ் குப்பிகளைச் சுற்றிச் செம்மண் போலத் துருப்பொடி இருந்தால் உள்ளே கிரீஸ் இல்லை என்று அர்த்தம். ஷாஃப்டில் வெல்டு வைத்த சிறு எடைத் தகடு விழுந்த தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். ஷாஃப்டின் இரண்டு முனைகளிலும் கவட்டை போன்ற யோக் இருக்கும். இரண்டு கவட்டைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். சாய்வாகச் சுற்றும் ஒரு கிராஸ் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். மறு முனைக் கிராஸ் அதைச் சமன் செய்கிறது. கிராஸ் மாற்றும்போது ஷாஃப்டை இரண்டாகப் பிரித்து, ஸ்பிளைனில் ஒரு பல் தள்ளிச் சேர்த்திருந்தாலும் இந்தச் சமன் கெட்டுவிடும். திரும்பப் பிரித்துச் சரியாகச் சேர்த்தால் போதும். இனிமேல் கழற்றும் முன் பெயின்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஒரு முனையில் இரட்டை கிராஸ் உள்ள ஷாஃப்டுக்கு முறை வேறு. அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

கவட்டைகள் சரியாக இருந்தால், காரணம் புதுப் பட்டையாக இருக்கலாம். பட்டை கூடினால் காலி வண்டியின் பின்பக்கம் உயரும், ஷாஃப்டின் சாய்வும் மாறும். சுமை ஏறியதும் வண்டி பழைய உயரத்துக்கு வருகிறது, அதிர்வும் அடங்குகிறது. அந்தப் பட்டையைக் கழற்றி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பட்டை அவசியம் என்றால், அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் ஆப்புத் தகடு வைத்துச் சாய்வைச் சரிசெய்யலாம். அளந்து பார்த்துச் செய்கிறவரிடம் கொடுங்கள். இத்தனைக்கும் பிறகு அதிர்வு இருந்தால் மட்டுமே ஷாஃப்டை பேலன்ஸ் பார்க்க அனுப்புங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் கடைசி.

அதுவரை வேகமாக ஓட்டாதீர்கள், ஆட்களை ஏற்றாதீர்கள். கிராஸ் உடைந்து ஷாஃப்டின் முன்முனை ரோட்டில் குத்தினால் வண்டி தூக்கி எறியப்படும். ‘டக்’ என்ற சத்தமோ, கையில் தெரியும் ஆட்டமோ இருந்தால் ஓட்டவே வேண்டாம்.

தாமிரபரணி கடலில் கலக்கும் உங்கள் ஊரில் மணல், உவர் நீர், உப்பளக் காற்று மூன்றும் உண்டு. உப்புத் தண்ணீர் கிராஸின் ஊசி பேரிங்கில் புகுந்தால் கிரீஸைக் கெடுத்துத் துருவை உண்டாக்கும். கடற்கரையில் ஓட்டிய அன்றே அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நிப்பிள் உள்ள கிராஸ் என்றால், நான்கு குப்பிகளிலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை புது கிரீஸ் அடியுங்கள். ஒரு குப்பியில் வராவிட்டால் அதுதான் முதலில் போகும். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் போல, வண்டி தண்ணீரில் மூழ்கி நின்றால் கிரவுன் ஆயிலையும் பாருங்கள். மோர் போல வெளுத்திருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ரோட்டவேட்டரை ஓட்டும் பி.டி.ஓ. ஷாஃப்டிலும் இதே கிராஸ்தான், இதே கவட்டை விதிதான். கருவியை உயரத் தூக்கும் முன் பி.டி.ஓ.வை நிறுத்துங்கள். சுற்றும் ஷாஃப்டின் பக்கம் வேட்டி, துண்டு, சேலையோடு போகக் கூடாது. காப்பு உறையையும் கழற்றி வைக்காதீர்கள்.’’