கடைசி பஸ்ஸைக் கைத்தொலைபேசியிடம் கேட்டால்

சென்ற மாதம் முல்லைத்தீவுப் பக்கக் கிராமமொன்றில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். ஓர் அக்கா கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அமர்ந்தார். வயது ஐம்பதைத் தாண்டியவர். கணவரை இழந்தவர். 2009 இல் காயப்பட்டு, இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் காலுடன் நடப்பவர். "மிஸ், ஒண்டு கேக்கவேணும். போன் பொய் சொல்லுமோ?" என்றார்.

கதை இதுதான். கிளினிக்குக்காக அவர் யாழ்ப்பாணம் போயிருந்தார். உயர்தரம் படிக்கும் மகள், தாயின் கைத்தொலைபேசியில் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தாள். வாயால் கேட்டால் நல்ல தமிழில் பதில் சொல்லும். "புதுக்குடியிருப்புக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று அக்கா கேட்க, "மாலை 6.15க்கு நேரடி பஸ் உண்டு" என்று அது சொல்லியிருக்கிறது. இரண்டரை மணிக்கே வேலை முடிந்தவர், அதை நம்பி மகளுக்கு ஒரு பாடசாலைப் பை வாங்கி, கோயிலுக்கும் போய், ஐந்தரைக்கு பஸ் நிலையத்துக்கு வந்தார். நேரடி பஸ் எப்போதோ போய்விட்டது. ஏ-9 வீதியால் போகும் பஸ்ஸில் ஏறிப் பரந்தன் சந்தியில் இறங்கினார். அங்கிருந்து புதுக்குடியிருப்புப் பக்கம் போக ஒன்றும் இல்லை. கடைசியில் ஓட்டோவுக்கு நாலாயிரம் ரூபா.

"காசு போனாப் பரவாயில்லை மிஸ். ஒரு மணித்தியாலம் இருட்டுக்குள்ள தனிய நிண்டன். அப்ப என்னத்தையெல்லாம் நினைச்சன் எண்டு எனக்குத்தான் தெரியும்" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்றிரவு நானும் என் கைத்தொலைபேசியில் அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். 5.45 என்றது. சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்டேன். ஏழு மணி என்றது. இரண்டு தடவையும் கொஞ்சமும் தயக்கமில்லாத குரல்!

பொய் என்றால் ஏமாற்றும் எண்ணம் இருக்கவேண்டும். இந்த இயந்திரத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று பழகிக்கொண்டது அது. கடைசி பஸ் என்று கேட்டால் மாலை நேரம் ஒன்று வரவேண்டும் என்பது அதற்குத் தெரியும். எந்த நேரம் என்பது தெரியாது. ஊருக்குப் புதியவர் வழி கேட்டால் "தெரியாது" என்று சொல்ல வெட்கப்பட்டு எங்கேயோ கையைக் காட்டுகிறவர்கள் நம் மத்தியிலும் உண்டல்லவா? அப்படித்தான் இதுவும்.

ஆனால் இதே இயந்திரத்தை வேறு விதமாகவும் பயன்படுத்தலாம். கேள்விக்குத் தானே பதில் சொல்லாமல், பதில் தெரிந்த இடத்துக்குப் போய்க் கேட்டுவந்து சொல்லும்படி அமைக்கலாம். இப்படி வேறு கருவிகளைக் கூப்பிட்டு வேலை செய்விக்கும் செயற்கை நுண்ணறிவை 'முகவர்' என்கிறார்கள். பயண விடயத்தில் அது கேட்டுவர வேண்டிய இடம் 'பயணத் திட்டமிடல் கருவி'. ஓப்பன் ட்ரிப் பிளானர் என்பது இத்தகைய ஒரு கருவி. 2009 இல் தொடங்கப்பட்டது, எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். அக்கருவி பேசாது. புறப்படும் இடம், சேரும் இடம், நேரம் ஆகிய மூன்றையும் கொடுத்தால், கால அட்டவணையைத் தேடி, எந்த பஸ்ஸில் ஏறி எங்கே மாறவேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும். முகவரின் வேலை, நமது பேச்சிலிருந்து அந்த மூன்றையும் பிரித்தெடுத்துக் கருவியிடம் கொடுப்பதும், வந்த விடையை நமக்கு விளங்கும் தமிழில் சொல்வதும்தான்.

2024 நவம்பரில் அந்த்ரோபிக் என்ற நிறுவனம், பேசும் இயந்திரங்களையும் இத்தகைய கருவிகளையும் இணைப்பதற்கு எம்.சி.பி. என்ற பொது விதிமுறை ஒன்றை வெளியிட்டது. வீட்டிலே ஒரே மாதிரியான பிளக் இருந்தால் எந்தச் சாமானையும் மாட்டலாம், வட்ட முள்ளும் சதுர முள்ளுமாக இருந்தால் அடப்டர் தேடி அலையவேண்டும். அந்த அலைச்சலைக் குறைக்கிற ஏற்பாடு என்று விளங்கிக்கொண்டால் போதும்.

இப்படி இணைக்கப்பட்ட இயந்திரத்துக்கு ஒரு பெரிய நன்மை கிடைக்கிறது. அதற்கு "இல்லை" என்று சொல்ல முடியும். அட்டவணையில் நாலு மணிக்குப் பின் பஸ் இல்லையென்றால் கருவி வெறுங்கையுடன் திரும்பி வரும், முகவரும் அதையே சொல்லும். அன்று அந்த ஒரு சொல் கிடைத்திருந்தால் அக்கா பை வாங்குவதை அடுத்த கிளினிக்குக்குத் தள்ளிவைத்துவிட்டு நேரத்தோடு வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

அந்த அட்டவணை எங்கிருந்து வருகிறது? இதன் தொடக்கத்தில் ஒரு பெண் இருக்கிறார். அமெரிக்காவில் ஒறிகன் மாநிலத்துப் போர்ட்லாண்ட் நகரின் பொதுப் போக்குவரத்து நிறுவனம் ட்ரைமெற். அதன் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் பணியாற்றியவர் பிபியானா மக்ஹியூ. கார் ஓட்டுகிறவருக்கு இணையத்தில் வழி உடனே கிடைக்கிறது, பஸ்ஸில் போகிறவருக்கு ஏன் கிடைப்பதில்லை என்ற ஆதங்கம் அவருக்கு இருந்தது. 2005 இல் கூகிள் நிறுவனத்தை அணுகினார். தமது நிறுவனத்தின் கால அட்டவணையைக் கணனி வாசிக்கக்கூடிய கோப்புகளாகக் கொடுத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் போர்ட்லாண்டின் பஸ், ரயில் பயணங்களைத் திட்டமிடும் சேவையைக் கூகிள் தொடங்கியது. அந்தக் கோப்புகளின் அமைப்பு இன்று ஜி.ரீ.எப்.எஸ். என்ற பெயரில் உலகெங்கும் வழக்கத்தில் உள்ளது. கார் இல்லாதவருக்காக ஒரு பெண் எடுத்த முயற்சி இது என்பதை நான் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம்மில் யாரிடம் கார் இருக்கிறது?

அக்கோப்புகளில் வித்தை ஒன்றும் இல்லை. சாதாரண எழுத்து, நடுவே காற்புள்ளிகள். ஒரு கோப்பில் தரிப்பிடங்களின் பெயரும் அவை இருக்கும் இடமும். இன்னொன்றில் வழித்தடங்கள். மற்றொன்றில் ஒவ்வொரு ஓட்டமும். பிறகு ஒவ்வொரு தரிப்பிடத்துக்கும் பஸ் வரும் நேரம், எந்தெந்த நாளில் ஓடும் என்ற நாட்காட்டி. நள்ளிரவுக்குப் பின் ஒரு மணி பத்து நிமிடத்துக்கு வந்துசேரும் பஸ்ஸை 25:10 என்று எழுதுவார்கள், முதல் நாள் புறப்பட்ட ஓட்டம் அது என்பது குழம்பாதிருக்க.

அந்தத் தரிப்பிடக் கோப்பிலே சக்கர நாற்காலிக்கென ஒரு நிரலும் இருக்கிறது. அந்த இடத்தில் சக்கர நாற்காலியில் வருபவர் ஏற முடியுமென்றால் 1, முடியாதென்றால் 2, விபரம் இல்லையென்றால் 0. போரில் கால் இழந்தவர்கள் இத்தனை பேர் வாழும் மாவட்டங்களில் இந்த ஒரு நிரலை எவராவது நிரப்பினால் எவ்வளவு உதவி! செயற்கைக் காலுடன் நடப்பவருக்கும் அந்தக் கேள்விதான் முதற் கேள்வி. "பஸ் எத்தனை மணிக்கு எண்டதைவிடப் படி எவ்வளவு உயரம் எண்டதுதான் எனக்கு வேணும்" என்று அக்காவும் சொன்னார்.

நமது பஸ்களுக்கு இது சரிவருமா, தனியார் மினிபஸ்கள் நினைத்த நேரத்துக்கு அல்லவா ஓடுகின்றன என்று நீங்கள் கேட்கக்கூடும். கென்யாவின் தலைநகர் நைரோபியில் 'மடாட்டு' என்ற மினிபஸ்கள் உண்டு. தனியாருக்குச் சொந்தமானவை, ஒழுங்கான அட்டவணை இல்லாதவை. 2012 அளவில் நைரோபிப் பல்கலைக்கழக மாணவர்கள் கைத்தொலைபேசிகளுடன் அவற்றில் ஏறி, பாதைகளையும் நிற்கும் இடங்களையும் பதிவு செய்தார்கள். எம்.ஐ.ரீ., கொலம்பியா ஆகிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் அதில் சேர்ந்திருந்தன. 2014 இல் நூற்றுக்கு மேற்பட்ட வழித்தடங்களைக் காட்டும் வரைபடம் வெளிவந்தது. சேகரித்ததை ஜி.ரீ.எப்.எஸ். கோப்பாகவும் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். பஸ்ஸில் போகிறவர்களே பஸ்ஸைப் பற்றி எழுதினார்கள் என்பதுதான் இதில் என்னைக் கவர்ந்தது.

அதேவேளை, அட்டவணை இருந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் சொல்லமாட்டேன். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி வந்தபோது வீதிகளும் புகையிரதப் பாதைகளும் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. முதல் நாள்வரை உண்மையாக இருந்த நேரங்கள் மறுநாள் வெறும் எழுத்தாகிவிட்டன. இதற்காகவே ஜி.ரீ.எப்.எஸ். இல் உடனுக்குடன் செய்தி தரும் பகுதி ஒன்று 2011 இல் சேர்க்கப்பட்டது. பஸ் எங்கே வருகிறது, எவ்வளவு தாமதம், எந்த ஓட்டம் நிறுத்தப்பட்டது என்பதெல்லாம் அதில் வரும். ஆனால் அதை யாராவது ஒருவர் ஒவ்வொரு நாளும் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஊர்ப் பெயர்ச் சிக்கலும் உண்டு. புதுக்குடியிருப்பு முல்லைத்தீவிலும் இருக்கிறது, மட்டக்களப்பிலும் இருக்கிறது. நல்ல முகவர் என்றால் "எந்தப் புதுக்குடியிருப்பு?" என்று திருப்பிக் கேட்கவேண்டும். கேட்காமல் பதில் சொன்னால் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்ற கேள்விக்குச் சோதனைச் சாவடிகளில் வருடக்கணக்காகப் பதில் சொன்னவர்கள் நாங்கள். வழி கேட்கும்போது அதே விபரத்தை நாங்களாகவே கைத்தொலைபேசியிடம் ஒப்படைக்கிறோம். வழக்குக்குப் போகிறவர், காணாமற்போனவர்களின் குடும்பங்கள் கூடும் இடத்துக்குப் போகிறவர், அடி தாங்கமாட்டாமல் வீட்டைவிட்டுப் போகிறவர் எல்லோரும் வழி கேட்பார்கள். பஸ் நேரம் அறிய வீட்டு விலாசம் தேவையில்லை. கிட்டிய சந்தியிலிருந்து மற்றைய சந்திவரை கேட்டால் போதும். போகும் காரணத்தைச் சொல்லவே வேண்டாம். பொறுப்பில்லாத ஒருவர் உங்கள் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்க்கக்கூடிய வீடு என்றால், கேட்டு முடிந்ததும் அந்த உரையாடலை அழித்துவிடுங்கள்.

சரி, இப்போதைக்கு என்ன செய்யலாம்? நேரம் சொல்லும் செயலியிடம் "இதை எங்கிருந்து எடுத்தாய்?" என்று கேளுங்கள். தொட்டுத் திறந்து பார்க்கக்கூடிய அட்டவணை ஒன்றைக் காட்டினால், அதில் திகதியையும் பாருங்கள். ஒன்றையும் காட்டாமல் விளக்கம் மட்டும் சொன்னால் அந்த விளக்கமும் கற்பனையாக இருக்கலாம். கடைசி பஸ்ஸை மாத்திரம் எந்தக் கட்டத்திலும் இயந்திரத்திடம் விட்டுவிடாதீர்கள். காலையில் போய் இறங்கியவுடனேயே ரைம்கீப்பரிடம் கேளுங்கள், கூச்சம் வேண்டாம்.

ரைம்கீப்பர் என்றதும் அவருடைய சீ.ஆர். கொப்பி நினைவுக்கு வருகிறது. எங்கள் கிராமங்களுக்கு ஓடும் பஸ்களின் உண்மையான அட்டவணை அந்தக் கொப்பிதான். எது நேரத்துக்கு வந்தது, எது பிந்தியது, எது ஓடவே இல்லை என்று மனிதர் ஒவ்வொரு நாளும் எழுதி வைக்கிறார். அது அவருடைய மேசையை விட்டு வெளியே வருவதில்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னபோது, "அப்ப அந்தக் கொப்பியை நாங்கள் பாத்து எழுதினால் என்ன?" என்று கேட்டார். இரண்டு கிழமை கழித்து மறுபடியும் அங்கு போனேன். அவரும் மகளும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் ரைம்கீப்பரிடம் போய்க் கேட்டு, நாற்பது பக்கக் கொப்பி ஒன்றில் கோடு போட்டு எழுதியிருந்தார்கள். புறப்படும் இடம், நேரம், சந்திக்கு வரும் நேரம், ஓடாத நாள். கடைசி நிரலுக்கு அக்கா வைத்த தலைப்பு 'படி'. சில பஸ்களுக்கு நேரே 'உயரம்' என்றும், ஒன்றுக்கு நேரே 'கொண்டக்டர் கை குடுப்பார்' என்றும் எழுதியிருந்தது.

மகள் அதைக் கணனியில் ஐந்து கோப்புகளாக அடிக்கத் தொடங்கியிருக்கிறாள். இரண்டு பஸ்களின் ஞாயிற்றுக்கிழமை நேரம் மட்டும் கிடைக்கவில்லை. ரைம்கீப்பர் அடுத்த கிழமை வரச் சொல்லியிருக்கிறாராம்.