அடுப்பு கெட்டால் கரி!

போன வாரம் ஒரு பெண் தன் மாமியாரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கூடவே ஒரு துணிப்பை. அதிலிருந்து டப்பா டப்பாவாக எடுத்து மேஜைமேல் அடுக்கினாள். வைட்டமின் ஈ, கோ-என்ஸைம் கியூ 10, இன்னும் வாயில் நுழையாத பெயரில் இரண்டு.

"மூளைக்குள்ளே மைட்டோகாண்ட்ரியா கெட்டுப் போறதாலேதான் இந்த வியாதி வருதாமே டாக்டர்! அதைச் சரி பண்ற மாத்திரையாம் இதெல்லாம். ரெண்டு பக்கமும் வாங்கக் கட்டுப்படியாகலே. அதனாலே நீங்க எழுதிக் கொடுத்ததைப் பத்து நாளா நிறுத்திட்டேன்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமியாருக்கு வந்திருப்பது பார்க்கின்சன் நோய். நடுக்குவாதம் என்பார்களே, அதுதான். நடந்து வந்துகொண்டிருந்த அந்த அம்மாள், நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாமல் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

ஆனாலும் அவளைக் கோபிக்க மனசு வரவில்லை. ஏனென்றால் அவள் கேள்விப்பட்டதில் பாதி நிஜம்! எந்தப் பாதி என்று நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள், சகோதரிகளே.

நம் உடம்பின் செல்லை ஒரு வீடு என்று வைத்துக்கொண்டால், மைட்டோகாண்ட்ரியாதான் அதில் அடுப்பு. நாம் சாப்பிட்டதை ஆக்ஸிஜனோடு எரித்துச் சக்தி தருகிறது. உங்கள் வீட்டு காஸ் அடுப்பின் பர்னர் துளைகள் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? நீல ஜ்வாலை மஞ்சளாகும். சூடும் குறையும், பாத்திரமும் கரி பிடிக்கும். செல்லிலும் அதே கதைதான். சக்தி குறைகிறது, கரிக்குப் பதில், கண்டதையெல்லாம் அரிக்கிற ஆக்ஸிஜன் கழிவுகள் பெருகுகின்றன. உடம்பு எடையில் மூளை 2 சதவிகிதம்தான். ஆனால் ஆக்ஸிஜனில் 20 சதவிகிதம் அதற்கே போகிறது. அடுப்பு கெட்டால் முதலில் தவிப்பது யார் என்று சொல்ல வேண்டுமா?

இது தெரியவந்ததே ஒரு விபரீதத்தால்தான். 1982-ஆம் வருஷம் அமெரிக்காவில், கலிபோர்னியாவில், போதைப் பழக்கத்தில் விழுந்த சில இளவட்டங்கள் திருட்டுத்தனமாகத் தயாரித்த போதை மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டார்கள். சில நாட்களிலேயே கைகால் விறைத்து, பேச்சு எழும்பாமல், சிலை மாதிரி ஆகிவிட்டார்கள். வயசானவர்களுக்கு வருகிற பார்க்கின்சன் நோய் அப்படியே இவர்களுக்கு! வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் நிபுணர் துருவிப் பார்த்ததில், அந்த மருந்தில் எம்.பி.டி.பி. என்ற விஷம் கலந்திருந்தது தெரிந்தது. அது மூளைக்குள் போய் உருமாறி, டோபமைன் சுரக்கும் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவை முடக்குகிறது. 1989-ல் லண்டனில், எந்த விஷமும் ஏற்றிக்கொள்ளாத சாதாரண பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையை ஆராய்ந்தபோதும் அதே இடத்தில் பழுது இருந்தது.

இதுவரை நிஜம். மாத்திரை விஷயம்தான் தகராறு.

கரியைத் துடைக்கும் மாத்திரை கொடுத்தால் நோய் நிற்குமே என்று நிபுணர்களும் ஆசைப்பட்டார்கள். 800 நோயாளிகளை வைத்து வைட்டமின் ஈ-யைத் தினம் 2000 யூனிட் வரை கொடுத்துப் பார்த்தார்கள். 1993-ல் வந்த முடிவு: பலன் இல்லை. கோ-என்ஸைம் கியூ 10-ஐ 600 பேரிடம் பரீட்சித்தார்கள். 2014-ல் அதற்கும் அதே பதில். பாத்திரத்தைத் துடைத்தால் பர்னர் சரியாகுமா? அதுவும், கை நடுங்க ஆரம்பிக்கும்போதே அந்தச் செல்களில் நிறையப் போய்விட்டிருக்கின்றன.

அப்படியானால் எது கைகொடுக்கும்? லெவோடோபா மாத்திரைதான். இது அடுப்பை ரிப்பேர் செய்யாது. குறைந்துபோன டோபமைனை ஈடு செய்யும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே கொடுங்கள். பருப்பு, பால், முட்டை போன்ற புரத உணவோடு சேர்த்துக் கொடுத்தால் மாத்திரை சரியாக ஏறாது. திடீரென்று நிறுத்தவே கூடாது. உடம்பு விறைத்து, ஜுரம் கண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம். அடுத்தது, தினமும் நடை, கைகால் பயிற்சி. இது நடையையும் உடல் நிதானத்தையும் காப்பாற்றுகிறது.

வீட்டுப் பெரியவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். பால் அடிப்பிடித்தால்கூட வாசனை தெரியவில்லையா? தீராத மலச்சிக்கலா? தூக்கத்தில் கையைக் காலை வீசுகிறார்களா? பால் கணக்கு நோட்டில் எழுத்து வரவரப் பொடியாகிறதா? இதெல்லாம் வேறு காரணங்களாலும் வரலாம். ஆனால் ஒன்றுக்கு மேல் சேர்ந்தால், "வயசாச்சு" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அந்தப் பெண்ணின் டப்பாக்களை ஒதுக்கி வைத்து, பழைய மாத்திரையைப் படிப்படியாக ஆரம்பித்துக் கொடுத்தேன். நேற்று போன் பண்ணினாள்.

"அத்தை தானே எழுந்து போய் பால் கணக்கு எழுதினாங்க டாக்டர். எழுத்து பொடிசுதான். ஆனா கணக்கிலே எனக்கு ஒரு ரூபாய் தப்புன்னு கண்டுபிடிச்சுட்டாங்க!"