சுவர்ச் சுவிட்சை மறந்த வீடு

கத்தாரிலிருந்து விடுமுறையில் வந்த நானா இரண்டு ஸ்மார்ட் பிளக்குகள் கொண்டு வந்தார். ஒன்றைக் கிணற்று மோட்டருக்கும் மற்றதை மின்னழுத்திக்கும் பூட்டினார். தொலைபேசியில் தட்டினால் மோட்டர் ஓடும், மறுபடி தட்டினால் நிற்கும். உம்மாவிடமும் அந்தச் செயலி, நானாவிடமும் அதே செயலி. திரும்பிப் போன பிறகும் தோஹாவிலிருந்தே அவர் எங்கள் தாங்கியை நிரப்பிவிடுவார்.

ஒரு நாள் அஸருக்குப் பிறகு மோட்டர் இரைந்ததே தவிர, தண்ணீர் ஏறவில்லை. உம்மா தொலைபேசியில் நிறுத்திவிட்டு, மோட்டரின் மூடியைக் கழற்றித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அங்கே நானா, தாங்கி இன்னும் நிரம்பவில்லை என்று நினைத்து அழுத்திவிட்டார். மோட்டர் உறுமியது. உம்மா கையை இழுத்துக்கொண்டார். அல்ஹம்துலில்லாஹ், சட்டை நனைந்ததோடு போயிற்று.

நானாவை நான் குறை சொல்லமாட்டேன். "வேலை முடிஞ்சா சுவிட்சை நூத்துட்டு பிளக்கைக் கழட்டுங்க புள்ள" என்பது உம்மம்மாவின் ஓயாத பாட்டு. ஸ்மார்ட் பிளக் வேலை செய்ய வேண்டுமானால் சுவர்ச் சுவிட்ச் எந்நேரமும் போட்டபடியே இருக்க வேண்டும். ஆகவே அந்தப் பழக்கத்தைத்தான் அது முதலில் பறித்துவிடுகிறது.

அதன் உள்ளே இருப்பது ரிலே எனும் சிறு மின்காந்தச் சுவிட்ச். மோட்டர் தொடங்கும் கணத்தில் வழமையைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அப்போது தோன்றும் பொறியில் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிவிட்டால் தொலைபேசி 'ஓஃப்' என்று காட்டும், மின்சாரமோ ஓடிக்கொண்டிருக்கும். பௌதிகவியல் படிக்கும் தோழிகளுக்கு ஒரு சின்னக் கணக்கு: 230 வோல்ட்டில் 10 அம்பியர் என்றால் 2300 வாட். பிளக்கில் 10 அம்பியர் என்று எழுதியிருந்தால் 3000 வாட் சுடுநீர்க் கருவியை அதில் மாட்டவே கூடாது. 2000 வாட் கேத்தலே ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும்.

"ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே" என்பார்கள். அது மின்கசிவைக் கண்டுதான் விழும். ஆளில்லாத அறையில், துணியின் மேல் கிடக்கும் மின்னழுத்தியைத் தோஹாவிலிருந்து ஒருவர் போட்டால் அது விழாது.

என் கருத்து இதுதான். தூரத்திலிருந்து நிறுத்துவதில் தவறில்லை. மின்னழுத்தியை நிறுத்தினோமா என்று பஸ்ஸில் இருந்து தவிக்கும் உம்மாமாருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் சூடாகும் பொருளையும் சுழலும் பொருளையும், அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்பவரே போட வேண்டும். பழுது பார்ப்பதென்றால் செயலியை நம்பாமல் பிளக்கையே கழற்ற வேண்டும்.

இப்போது மோட்டருக்கும் மின்னழுத்திக்கும் பழைய சுவிட்ச்தான். ஒரு ஸ்மார்ட் பிளக், முழங்கால் வலியுள்ள உம்மம்மாவின் மேசை விளக்குக்குப் போனது. பஜ்ருக்கு முன் தானாகவே எரிவதில் அவருக்கு ஒரே சந்தோஷம். மற்றதை வைஃபை பெட்டிக்குப் பூட்டலாம் என்றான் தம்பி. அதை நிறுத்திய பிறகு எதைக் கொண்டு திரும்பப் போடுவது என்று கேட்டேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.