படம் எடுக்குமுன் தூக்கிய கைகள்



பழவங்காடிப் பிள்ளையார் கோயிலின் முன் தேங்காய் உடைபடும் ஓசை, இவ்வூரில் குடியேறிய நம் குடும்பத்தினர் யாவருக்கும் பழகிப்போன ஒன்று. தம்பானூர் நிலையத்தில் பணி முடித்துக் கால்நடையாக வரும் நமக்கு, அவ்வோசை கேட்டால்தான் வீடு நெருங்கிவிட்டது என்னும் எண்ணம் உண்டாகும். சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்து மாலை ஒன்றில், அந்த ஓசையினூடே வேறோர் ஓசையும் கேட்டது. பக்கத்துச் சந்தில் சாரத்தின்மேல் நின்று சுவருக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர், இரண்டாம் மாடி உயரத்திலிருந்து குதிகால் ஊன்றி விழுந்து, அப்படியே பின்னால் சாய்ந்துவிட்டார். அம்பாசமுத்திரம் பக்கத்தவர்; முப்பது வயது நிரம்பாதவர்.

ஓடிச் சென்றவர்களுள் நாமும் ஒருவர். அங்கே என்ன நடந்தது என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறோம். ஒருவர் சோடா வாங்கி வந்தார். மற்றொருவர் அக்குளில் கைகொடுத்து, அவரைத் தூக்கி உட்காரவைத்துச் சோடாவைப் புகட்டினார். பின்பு நால்வர் சேர்ந்து ஆளுக்கொரு கையும் காலுமாகப் பற்றி, நடு உடல் தொட்டில்போல் தொங்க, ஓர் ஆட்டோவின் இருக்கையில் மடக்கி ஏற்றினோம். இடக்காலைப் பிடித்தது நாமே. உதவி செய்துவிட்டோம் என்ற நிறைவோடு ஆஸ்பத்திரி வரையிலும் உடன் சென்றோம்.

அவசர சிகிச்சைப் பிரிவில் நின்ற செவிலியர் அம்மையார் கேட்ட முதற் கேள்வி, எங்கிருந்து விழுந்தார் என்பதன்று. எப்படிக் கொண்டு வந்தீர்கள் என்பதே. ஆட்டோவில் என்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நால்வரை அழைத்தார். ஒருவர் தலையை இரு கைகளாலும் அசையாமற் பிடிக்க, மூவர் தோள், இடுப்பு, கால்களைப் பற்ற, ஒரே குரலுக்கு ஒரே நேரத்தில், மரக்கட்டையை உருட்டுவதுபோல் அவரைத் திருப்பிப் பலகையில் கிடத்தினார். அந்த நான்கு பேர் செய்ததைப் பார்த்தபோதே, நாங்கள் நால்வர் செய்தது இன்னதென்று நமக்கு விளங்கிவிட்டது.

நம் முதுகெலும்புக் கோவை முப்பத்து மூன்று முள்ளெலும்புகளால் ஆனது. கழுத்தில் 7, மார்பின் பின்புறம் 12, இடுப்பில் 5; அதற்குக் கீழுள்ளவை ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை. இவ்வெலும்புகளின் நடுவே குழாய் போன்ற வழியில் தண்டுவடம் இறங்கி, வளர்ந்தவர்களில் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் எலும்பளவில் முடிகிறது. அதற்குக் கீழே நரம்புக் கற்றைகள் மட்டுமே. விழுந்தவர்களுக்குப் பெரும்பாலும் முறிவது மார்பும் இடுப்பும் கூடுமிடம். விலாக்கூட்டோடு பிணைந்த மேற்பகுதி விறைப்பானது. இடுப்புப் பகுதி வளைந்து கொடுப்பது. விறைப்பும் நெகிழ்வும் சந்திக்கும் இடத்தில்தான் அதிர்ச்சி முழுதும் இறங்குகிறது. உயரத்திலிருந்து விழுந்து குதிகால் உடைந்தவர் வலி காலில் மட்டும் என்று சொன்னாலும், டாக்டர் முதுகைத் தட்டிப் பார்ப்பது இதனாலேயே.

எலும்பு முறிவது ஒன்று. உள்ளே ஓடும் வடம் நசுங்குவது வேறொன்று. முறிந்த எலும்பு ஆறிவிடும். நசுங்கிய வடம் பெரும்பாலும் பழைய நிலைக்கு மீள்வதில்லை. எலும்பு முறிந்தும் வடம் தப்பியிருக்கும் ஒருவரை நாம் வளைத்தும் முறுக்கியும் தூக்கும்போது, விழுந்ததால் நேராத கேடு நம் கைகளால் நேரக்கூடும்.

முதலில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இளம் டாக்டர் படத்தை விளக்கொளியில் பிடித்துப் பார்த்து, "நட்டெல்லில் பொட்டலுண்டு" என்றார். அருகிலிருந்த நோயாளியின் மைத்துனர் திகைத்துப் போனார். நம் ஊரில் பொட்டல் என்றால் புல் முளையாத வெறுநிலம் அல்லவா? மலையாளத்தில் அது விரிசல், உடைவு என்று பொருள்படும். நட்டெல்லு என்பது முதுகெலும்பு. புதிதாய் வந்த நம்மவர்கள் இவ்விரு சொற்களையும் தெரிந்துகொள்வது நல்லது. அதைவிட முக்கியமாக, கால் மரத்திருக்கிறதா, சிறுநீர் தானாகப் பிரிகிறதா என்று டாக்டர் கேட்டால், அரைகுறையாய் விளங்கிக்கொண்டு தலையாட்டாமல், தமிழ் தெரிந்த ஒருவரை அழைத்து ஒழுங்காக விடை சொல்லவேண்டும். படம் காட்டாததை அந்த விடைதான் காட்டும்.

இடுப்பின் முதல் எலும்பு ஆப்புப்போல் நசுங்கியிருந்தது எக்ஸ்ரேயில் தெரிந்தது. ஆயினும் அது நிழற்படமே. முன்னும் பின்னுமுள்ளவை ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தெரியும். கழுத்தின் அடிப்பகுதியைத் தோள்கள் மறைத்துவிடும். ஆகவே சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். இதுவும் எக்ஸ்ரேயே, ஆனால் உடலை மெல்லிய துண்டங்களாக வெட்டிப் பார்ப்பதுபோல் காட்டும். இங்கிலாந்தைச் சேர்ந்த ஹவுன்ஸ்பீல்டு என்னும் பொறியாளர் செய்த கருவியால் 1971-இல் முதன்முதலில் ஒரு நோயாளியின் மூளை படம் பிடிக்கப்பட்டது. எலும்பின் உடைவைக் காண இன்று இதற்கு ஈடு வேறில்லை. முழு முதுகையும் சேர்த்தே பார்த்தார்கள். ஓரிடத்தில் முறிந்தவருக்கு எட்ட வேறோரிடத்திலும் முறிவு ஒளிந்திருப்பது அரிதன்றாம்.

சி.டி.யில் தெரிந்தது ஆப்பு நசுங்கல் மட்டுமன்று. எலும்பு நாற்புறமும் வெடித்து, ஒரு சில்லு பின்வாங்கி வடத்தின் வழிக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. பின்புற முட்கள் இரண்டின் இடைவெளியும் சற்று அகன்றிருந்தது. ஆனால் நோயாளி இரு கால் விரல்களையும் அசைத்தார். தொட்ட இடம் எல்லாம் தெரிந்தது. நமக்கு உயிர் வந்தது.

அறுவை வேண்டுமா, வேண்டாமா? இதற்கு டாக்டர்கள் ஒரு கணக்குப் போடுகிறார்கள். 2005-இல் வாக்காரோ என்னும் அமெரிக்க அறுவை நிபுணரும் அவருடைய குழுவினரும் வகுத்தது அது. நாம் நாள்தோறும் எண்களோடு மல்லாடுகிறவர் என்று அறிந்த டாக்டர், பொறுமையாக விளக்கிச் சொன்னார். எலும்பு வெறுமனே நசுங்கியிருந்தால் 1, வெடித்திருந்தால் 2, இடம் பெயர்ந்தோ முறுக்கிக்கொண்டோ இருந்தால் 3, இழுபட்டுப் பிரிந்திருந்தால் 4. அடுத்தது, எலும்புகளைப் பின்புறம் பிணைத்து நிற்கும் நார்கள்: அவை முழுமையாக இருந்தால் 0, ஐயமானால் 2, அறுந்திருந்தால் 3. மூன்றாவது நரம்பின் நிலை: பழுதில்லையேல் 0, நரம்பு வேர் பழுதானாலும், வடம் முற்றிலும் பழுதானாலும் 2, வடம் ஓரளவு மட்டும் பழுதாகியிருந்தால் 3. இன்னும் காப்பாற்ற மிச்சமிருப்பதால் இதற்குக் கூடுதல் மதிப்பு என்றார். மூன்றையும் கூட்டி வருவது 3 அல்லது அதற்குக் குறைவானால் பெரும்பாலும் அறுவை வேண்டாம். 5 அல்லது அதற்கு மேலானால் அறுவை. 4 வந்தால் இரண்டில் எதுவும் ஆகலாம், டாக்டர்தான் தீர்மானிக்கவேண்டும்.

நம் தொழிலாளிக்கு வெடிப்புக்கு 2, நார்களின்மேல் ஐயத்துக்கு 2, நரம்புக்கு 0. மொத்தம் 4. தராசு முள் நடுவில் நின்றது.

இதனால்தான் மூன்றாவது படம் கேட்டார்கள். இத்தனை படம் எதற்கு, காசு பிடுங்கவா என்று மைத்துனர் நம் காதில் முணுமுணுத்தார். ஒவ்வொரு வீட்டிலும் எழும் கேள்வி இது; எல்லா இடங்களிலும் அது தவறான கேள்வி என்றும் நாம் சொல்லமாட்டோம். இங்கு விடை இருந்தது. எக்ஸ்ரேயும் சி.டி.யும் எலும்பைக் காட்டும். நாரையும் வடத்தையும் தெளிவாகக் காட்டுவது காந்தத்தால் இயங்கும் எம்.ஆர்.ஐ. மட்டுமே. அதற்கு நேரம் அதிகம், அசையாமல் படுத்திருக்கவேண்டும், உடலுக்குள் இதயத் துடிப்புக் கருவியோ உலோகத் துண்டோ இருந்தால் முன்னரே சொல்லிவிடவேண்டும். முதியவர்களின் முறிவு புதியதா, பல ஆண்டுகளுக்கு முந்தியதா என்பதையும் அது பிரித்துக் காட்டும்.

அந்த முக்கால் மணி நேரம் நடையில் போட்ட பெஞ்சியில் உட்கார்ந்திருந்தோம். கையில் இன்னும் அவருடைய காலின் கனம் இருப்பதுபோல் தோன்றியது.

படத்தில் வடம் ஊறின்றி இருந்தது. ஆனால் பின்புற நார் கறுத்த கோடாய்த் தொடர்ந்து வரவேண்டிய இடத்தில் அறுந்து, அங்கே நீர் வெளேரென்று ஒளிர்ந்தது. ஐயத்தின் 2 உறுதியின் 3 ஆயிற்று. கூட்டுத்தொகை 5. மறுநாள் அறுவை செய்து, முறிவுக்கு மேலும் கீழும் உள்ள எலும்புகளில் திருகாணிகள் பொருத்தித் தண்டுகளால் இணைத்தார்கள்.

நாம் டாக்டரிடம் தனியே கேட்டோம்: "இந்த நார் விழுந்தபோது அறுந்ததா, நாங்கள் தூக்கியபோது அறுந்ததா?" அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். படம் என்ன அறுந்தது என்று சொல்லும், எப்போது அறுந்தது என்று சொல்லாது என்றார். விழுந்த வேகமே போதும் என்றும் சொன்னார். அது நம்மைத் தேற்றுவதற்காகவா என்று இன்றளவும் தெரியவில்லை.

நேயர்கள் கேட்கலாம்: அப்படியானால் விழுந்தவரைத் தொடவே கூடாதா? தீயோ, ஓடும் வண்டியோ, இடிந்து விழும் சுவரோ நெருங்கினாலன்றி அவரை இடம் பெயர்க்கக் கூடாது. 108-ஐ அழைத்துவிட்டுத் தலையருகே மண்டியிட்டு, தலையையும் கழுத்தையும் கிடந்த நிலையிலேயே அசையாமல் இரு கைகளால் தாங்கியிருக்கவேண்டும். மூச்சு விடுகிறாரா, இரத்தம் பெருகுகிறதா என்று பார்க்கவேண்டும். தண்ணீரும் சோடாவும் வேண்டாம். அதற்காக எழுப்பி உட்காரவைப்பது எல்லாவற்றிலும் கேடு. சாலை விபத்தில் உதவியவரைப் போலீசார் இழுத்தடிப்பார்கள் என்னும் அச்சமும் வேண்டியதில்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் உதவுவோருக்குப் பாதுகாப்பு அளித்திருக்கிறது.

விழுந்தவர் எல்லாருக்கும் படம் எடுக்கவேண்டும் என்பதும் இல்லை. கழுத்தைப் பொறுத்தமட்டில் 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முப்பத்து நாலாயிரம் பேரை ஆராய்ந்து வெளியிட்ட விதி ஒன்று உண்டு. நடுக்கழுத்தில் தொட்டால் வலி இல்லை, கைகால் பலவீனமோ மரப்போ இல்லை, முழு நினைவு இருக்கிறது, மது அருந்தவில்லை, வலியை மறக்கச் செய்யும் வேறு பெருங்காயம் இல்லை என்னும் ஐந்தும் பொருந்தினால் படம் தேவையில்லை. ஆனால் இதைப் பார்த்து முடிவு செய்யவேண்டியவர் டாக்டர், நாமல்லர்.

எண்ணெய் தேய்த்து நீவும் ஆசான்களை நாம் குறைத்துப் பேசவில்லை. தெற்கே நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த நம்மில் பலர் அவர்கள் கையால் சுளுக்கு நீங்கியவர்கள். ஆனால் விழுந்த முதுகில் படம் எடுக்குமுன் எவர் கையும் படலாகாது.

வடம் முற்றும் அறுந்துவிட்டால் எந்தப் படமும் அதை ஒட்டவைக்காது. அங்கே தொடங்குவது வேறு வேலை. இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்துப் படுக்கைப்புண் வராமல் காப்பதும், சிறுநீரைக் காலம் தவறாமல் வெளியேற்றுவதும் அதில் அடங்கும். கொச்சிப் பக்கத்தில் பிறந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். வேலூரில் 1966-இல் புனர்வாழ்வு நிலையம் எழக் காரணமானார். தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராயிருந்தபோது 1975-இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். அன்று எம்.ஆர்.ஐ. என்பது மனித உடலுக்கு வந்திருக்கவில்லை. தமக்குச் சிகிச்சை அளித்த இராணுவ டாக்டரின் பெயரால் 1981-இல் அவர் தொடங்கிய அமர் சேவா சங்கம், இன்று முதுகெலும்பு அடிபட்டவர்களுக்கும் உடல் ஊனமுற்ற குழந்தைகளுக்கும் பயிற்சி அளிக்கிறது. 2020-இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கிற்று. நம் நேயர்களில் தென்காசிச் சீமையினர் பலர். ஊருக்குப் போகும்போது ஒருமுறை எட்டிப் பார்த்து வரலாம். இவ்வூரிலும் 2003-இல் தொடங்கிய பாலியம் இந்தியா என்னும் அமைப்பு, முதுகு அடிபட்டுச் செயலிழந்தோருக்கு உதவி வருகிறது.

இன்னொன்று. படங்களையும் அறிக்கைகளையும் குறுந்தகட்டையும் வீட்டில் பத்திரமாக வையுங்கள். பிற்பாடு எடுக்கும் படத்தை ஒப்பிட அவை வேண்டும். இழப்பீடு கேட்கும் நாளிலும் வேண்டும். அறுவையில்லாமல் அனுப்பப்பட்டவரை, சில நாள் கழித்து நிற்கவைத்து மீண்டும் எக்ஸ்ரே எடுப்பார்கள். படுத்தபோது நேராயிருந்த முதுகு, உடலின் கனம் ஏறியதும் கூன் விழுகிறதா என்று பார்ப்பதற்கு அது. வலி குறைந்துவிட்டதே என்று அந்த நாளைத் தவறவிடாதீர்கள்.

நம் தொழிலாளி இப்போது நடக்கிறார். சாரம் ஏறுவதில்லை, சாலைக் கடைத்தெருவில் ஒரு வண்ணக் கடையில் கணக்கு எழுதுகிறார். சென்ற வாரம் ஊருக்குப் போக நம் சாளரத்துக்குப் பயணச்சீட்டு வாங்க வந்தார். கக்கத்தில் ஸ்கேன் படங்கள் இருந்த பெரிய உறை. அம்மாவுக்குக் காட்டவேண்டுமாம். "நீங்க தூக்கிட்டுப் போனதாலதான் அண்ணாச்சி நான் பிழைச்சேன்" என்றார். நாம் சில்லறையை எண்ணிக் கொடுத்தோம். கீழ்ப்படுக்கையாகப் பார்த்துப் பதிந்திருக்கிறோம் என்று மட்டும் சொன்னோம்.