ஈரலுக்கு ஜாதி உண்டா?

ஆபரேஷனுக்குப் போனவனை மயக்க மருந்து டாக்டர் "என்ன ஜாதி?" என்று கேட்டால் நமக்குக் கோபம் வருவது நியாயந்தான். ஆனாலும் வைசிய வகுப்பார் விஷயத்தில் அக்கேள்விக்கு ஒரு காரணமிருக்கிறது.

மனித ஈரல் பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியைச் செய்து ரத்தத்தில் விடுகிறது. தசையைத் தளர்த்தப் போடும் சக்சினைல்கோலின் மருந்தைச் சில நிமிஷங்களில் அழிப்பது அதுவே. அஃதில்லாதவன் மணிக்கணக்காய்த் தானே மூச்சுவிட முடியாமல் மெஷினை நம்பிக் கிடப்பான். மற்றபடி அவன் சௌக்கியமானவன்தான்.

வைசியர் சிலருக்கு இந்நொதி இல்லாத காரணத்தைக் கோயமுத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தார் வெளிநாட்டாருடன் கூடி 2006-ல் வெளியிட்டார்கள். 307-வது இடத்தில் லூசினுக்குப் பதில் புரோலின் இருக்கிறதாம். இப்படிப்பட்ட பிழையைச் சோதிக்க மனித ஜீனை வளர்ப்புச் செல்லில் புகுத்தி, ஈரல் செய்யும் நொதியை அங்கேயே செய்விக்கிறார்கள். (அந்தச் செல் கோத்திரம் கேட்பதில்லை!)

தாய் தகப்பன் இருவரிடமும் இப்பிழை ஒளிந்திருந்தால்தான் பிள்ளை நொதியே இல்லாமல் பிறக்கும். ஜாதிக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாய்ப் பெண் கொண்டு பெண் கொடுத்தால் அப்படி இருவர் சேருவது சுலபமாகாதா? மற்ற ஜாதியார் சிரிக்க வேண்டாம். மாமன் மகளையே தேடும் நம் கொங்குநாட்டார் வீட்டில் எந்தப் பிழை பதுங்கியிருக்கிறதென்று யார் கண்டது?

டாக்டர்களை நாம் கேட்பதெல்லாம், ஜாதியைக் கேட்டதோடு நின்றுவிடாமல் ரத்தத்தில் இந்நொதி உண்டா என்று சோதிக்க வேண்டுமென்பதே. இல்லையென்று தெரிந்தால் போடுவதற்கு வேறு மருந்து இருக்கிறது.